இடம் விட்டு எழுதின கடிதம்

வங்கியிலிருந்து திரும்பி வந்த செக்குக்கு உடுவில் ஊர் முழுவதிலும் ஒரேயொரு வைத்தியர்தான் இருக்கிறார், அது தான்தான் என்பது சோமசேகரத்தாரின் உறுதியான கருத்து. முப்பத்துநாலு வருடம் நீதிமன்றக் கந்தோரில் லிகிதராக இருந்தவர். வங்கியில் காசில்லாமல் திரும்பி, வழக்காகிக் கோட்டுக்கு வந்த செக்குகளை வரிசையாக விரித்தால் உடுவிலிலிருந்து சுன்னாகச் சந்தை வரைக்கும் கால் நிலத்தில் படாமல் நடக்கலாம் என்பார். அவ்வளவையும் கையால் தொட்டு, இலக்கமிட்டு, நூல் கோத்துக் கட்டியவர்.

கவலை என்னவென்றால், இளைப்பாறி மூன்று வருடமாகியும் ஒருவர்கூட அவரிடம் ஒரு செக்கைக் கொண்டுவரவில்லை. ஊரில் செக் திரும்பாமல் இல்லை. நன்றாகத்தான் திரும்பியது. ஆனால் திரும்பினவுடன் எல்லாரும் மல்லாகத்துக்குப் போய் வக்கீல் பிடித்தார்கள். போதாக்குறைக்கு, சமாதான நீதவான் பதவிக்கு மூன்று தரம் விண்ணப்பித்தும் பதில் இல்லை.

"வீட்டிலை சமாதானம் இருக்கோ எண்டு விசாரிச்சிருப்பினம்" என்றாள் மனைவி பத்மாசினி.

பத்மாசினி அதிகம் கதைக்க மாட்டாள். மிளகாய்த்தூள் செய்து விற்பவள். லண்டனுக்கும் கனடாவுக்கும் போகிறவர்களின் பெட்டியில் உடுப்பு இல்லாவிட்டாலும் பத்மாசினியின் தூள் இருக்கும். அரைப்பதற்கு ஒவ்வொரு முறையும் மில்லில் போய் நிற்காமல் சொந்தமாக ஒரு மெசின் வாங்கவேண்டும் என்று நாலு வருடமாகக் காசு சேர்த்தாள். இரண்டு லட்சத்து நாற்பதினாயிரம் சேர்ந்தது. அதைத்தான் சோமசேகரத்தார் கடனாக வாங்கிக் காடை வளர்த்தார்.

இருநூறு காடை. கோழியைப் போலக் காடைக்கும் காற்றோட்டம் வேண்டும் என்று ஒரு பின்னேரம் கூட்டைத் திறந்துவிட்டார். கோழிக்கும் காடைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இருநூறும் தெல்லிப்பழைப் பக்கமாகப் பறந்துபோயின.

கடன் வாங்கும்போதே, "புருசன் பெண்சாதி எண்டாலும் சட்டம் சட்டம்தான்" என்று பெருமையாக ஒரு செக் எழுதி ஒப்பம் வைத்துக் கொடுத்திருந்தார். செக்கில் போட்ட திகதி வந்தும் போயும் விட்டது. அந்தக் கணக்கில் அன்றைக்கும் இன்றைக்கும் நானூற்றுச் சொச்சம் ரூபாதான். அதற்காக அவர் கலங்கவில்லை. பத்மாசினி அந்தச் செக்கை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்ததை அவரே கண்டார். சேலைக்கு அடியில் போன கடதாசி ஒன்று திரும்பி வெளியே வந்ததாக அந்த வீட்டில் சரித்திரம் இல்லை. ஆகவே நிம்மதியாக மறந்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டுப் பராசக்தி படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அண்ணை, ஒரு உதவி. எனக்குத் தெரிஞ்ச பொம்பிளை ஒருத்திக்குச் செக் ஒண்டு திரும்பிட்டுது. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்கிறா."

சோமசேகரத்தார் எழும்பின வேகத்தில் சாய்மனைக் கதிரை பின்பக்கமாகச் சரிந்தது.

"இரும் பராசக்தி, இரும். பத்மா, தேத்தண்ணி கொண்டுவாரும். ஆர் அந்தப் பொம்பிளை?"

"பேர் சொல்ல வெக்கப்படுறா அண்ணை. குடும்ப விசயம்."

"சொல்லத் தேவையில்லை. இடம் விட்டு எழுதுவம். செக் குடுத்தவன் ஆர்?"

"அவரின்ரை பேரும் சொல்லக்கூடாதாம்."

"அவரின்ரை எண்டு மரியாதை குடுக்காதையும். செக் திரும்பேக்கை மரியாதையும் சேர்ந்து திரும்பிடும். அவன்ரை பேருக்கும் இடம் விடுவம். தொகை எவ்வளவு?"

"அதுக்கும் இடம் விடுங்கோவன்."

"திகதி? வங்கி?"

"எல்லாத்துக்கும் இடம் விடட்டாம்."

வேறு ஒருவராக இருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார். சோமசேகரத்தார் முப்பத்துநாலு வருடம் படிவங்களோடு வாழ்ந்தவர். இடம் விட்ட கடதாசியைக் கண்டால் அவருக்கு வீட்டுக்கு வந்தது போலிருக்கும்.

"அது பிரச்சினை இல்லை" என்றார். "கோட்டிலை ஆக்கள் வருவினம் போவினம். இடம்தான் நிரந்தரம்."

நல்ல வெள்ளைத் தாள் ஒரு கட்டும் கறுப்பு மைப் பேனையும் எடுத்து வந்தார். பத்மாசினி தேத்தண்ணியை வைத்துவிட்டு, ஒரு சுளகு நிறையச் செத்தல் மிளகாயோடு நிலத்தில் இருந்து காம்பு கிள்ளத் தொடங்கினாள்.

"அவன் என்ன தொழிலுக்குக் காசு வாங்கினவன்?"

பராசக்தி பத்மாசினியைப் பார்த்தாள்.

"ஏதோ வெளியிலை அனுப்புற மாதிரி எண்டுதான் கேள்விப்பட்டன்" என்றாள் பத்மாசினி, தலை நிமிராமல்.

"வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சியோ?"

"அப்பிடித்தான் போலை. ஒரே நாளிலை இருநூறு பேர் போயிட்டினமாம்."

"போய்ச் சேர்ந்திட்டினமோ?"

"ஒருத்தரும் ஒரு போன் எடுக்கேல்லையாம்."

சோமசேகரத்தார் உச்சுக்கொட்டினார். "இருநூறு குடும்பத்தின்ரை கண்ணீர். உவனை விடக்கூடாது." முதலாம் பந்தியில், 'தங்களை நம்பிய இருநூறு சீவன்களைத் திக்குத் தெரியாத இடத்துக்கு அனுப்பியதோடு நில்லாமல்' என்று எழுதினார். இரண்டாம் பந்தியில், இடம் விட்ட செக் இடம் விட்ட வங்கியிலிருந்து இடம் விட்ட திகதியில் காசில்லையென்று திரும்பியது.

"அண்ணை, சுகமில்லை, வருத்தம் எண்டு சாட்டுச் சொன்னால்?" என்று கேட்டாள் பராசக்தி.

"மூண்டாம் பந்தியிலை அந்த ஓட்டையை அடைக்கிறன். செக் எழுதேக்கை கை சுகமாய்த்தானே இருந்தது? காசு எண்ணித் தரவும் அதே கை போதும்."

"சொந்தக்காரன் எண்டு சொன்னால்?" இது பத்மாசினி.

"ஆராய் இருந்தாலென்ன? தகப்பனாய் இருக்கட்டும், புருசனாய் இருக்கட்டும். சட்டத்துக்கு உறவு இல்லை. அஞ்சாம் பந்தி."

பராசக்திக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. பத்மாசினி எழும்பி அவளுடைய தலையில் தட்டிவிட்டு வந்து திரும்ப இருந்தாள்.

"காசே இல்லையெண்டு கையை விரிச்சால் என்ன செய்யிறது?" என்று கேட்டாள்.

சோமசேகரத்தார் பேனையை மூடி வைத்தார். இந்தக் கேள்விக்காகத்தான் அவர் மூன்று வருடம் காத்திருந்தவர்.

"இல்லையெண்டு சொல்லுறவனிட்டைத்தான் இருக்கும், பத்மா. செக் குடுத்த கணக்கு ஒரு வங்கியிலை. காசு கிடக்கிற கணக்கு வேறை வங்கியிலை. நிலையான வைப்பு. இளைப்பாறேக்கை வாற காசிலை ஒரு துண்டை வெட்டி ஒதுக்கியிருப்பான். மனிசிக்குக் குறைச்சுச் சொல்லியிருப்பான்."

"மெய்யே? ஒரே வீட்டிலை இருந்துகொண்டோ? வங்கிப் புத்தகம் மனிசியின்ரை கண்ணிலை படாதோ?"

"படாது. அலுமாரியிலை வைக்கிறவன் மொக்கன். மெத்தைக்குக் கீழை வைக்கிறவன் அதைவிட மொக்கன். மனிசி தூசு தட்டாத இடம் ஒண்டு எல்லா வீட்டிலையும் இருக்கும். புருசன்ரை பழைய கந்தோர்க் கடதாசிப் பெட்டி மாதிரி. அதுக்குள்ளை நடுவிலை, ஆரும் விரிச்சுப் பாக்காத ஒரு பைலுக்குள்ளை கிடக்கும்."

பத்மாசினி காம்பைச் சுளகில் போட்டு மிளகாயை எறிந்தாள். பிறகு எடுத்து மாற்றிப் போட்டாள்.

"பாவம் அந்தப் பொம்பிளை" என்றாள் பத்மாசினி. "தூசு தட்டியிருக்கலாம்."

"அதுக்கெல்லாம் ஒரு கெட்டித்தனம் வேணும்" என்று சொல்லிவிட்டு, ஏழாம் பந்தியில் இடம் விட்ட வங்கியின் பெயரோடும் இடம் விட்ட கணக்கு இலக்கத்தோடும் நிலையான வைப்பைப் பற்றி ஒரு வசனம் எழுதினார். "நிரப்ப ஏலாட்டில் அந்தப் பந்தியை வெட்டிவிடச் சொல்லும்."

கோரிக்கைக் கடிதம் முடிந்தது. பொலிசுக்கு ஒரு முறைப்பாடு எழுதினார். கோட்டில் கொடுக்கும் சத்தியக்கடதாசிக்கு ஒரு வரைவு எழுதினார். எதை முதலில் வைப்பது, எதைப் பின்னுக்கு வைப்பது, எங்கே ஊசி குத்துவது என்று பராசக்திக்குக் காட்டிக்கொடுத்தார்.

"கடிதம் பதிவுத் தபாலிலை போகவேணும். காசு கட்ட பதினாலு நாள். முக்கியமான விசயம், கடிதம் போனதிலையிருந்து காசு கைக்கு வருமட்டும் எதிராளியோடை ஒரு வார்த்தை கதைக்கக்கூடாது. கதைச்சால் சமரசமாய்ப் போட்டுது எண்டு சொல்லிப்போடுவான். தேத்தண்ணி குடுத்தாலும் சமரசம்தான்."

"சோறு?" என்று கேட்டாள் பத்மாசினி.

சோமசேகரத்தார் யோசித்தார். "சோறு மனிதாபிமானம். அது குடுக்கலாம். தேத்தண்ணிதான் சமரசம்."

அன்றிரவு அவர் நன்றாக நித்திரை கொண்டார். திங்கட்கிழமை பத்மாசினி செத்தல் மிளகாய் வாங்கச் சுன்னாகத்துக்குப் போய்க் கொஞ்சம் பிந்தி வந்தாள்.

புதன்கிழமை காலை தபால்காரர் கதிரவேலு படலையில் நின்று மணி அடித்தார்.

"உங்களுக்குப் பதிவுத் தபால். ஒப்பம் வையுங்கோ."

சோமசேகரத்தார் நீட்டின கையைத் திரும்ப எடுத்தார். சமாதான நீதவான் நியமனம் பதிவுத் தபாலில்தான் வரும் என்று அவர் விசாரித்து வைத்திருந்தார்.

"கொஞ்சம் பொறும் கதிரவேலு. வெறும் மேலோடை ஒப்பம் வைக்கிற கடிதம் இல்லை இது."

உள்ளே போய்ச் சட்டை போட்டார். திருநீறு பூசினார். சீப்பால் தலை இழுத்தார். வெளியே வந்து, இடமும் வலமும் பார்த்துவிட்டு, ஒப்பத்துக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தார்.

"கதிரவேலுவுக்கு ஒரு தேத்தண்ணி, பத்மா. எனக்கும் ஒண்டு."

கதிரவேலுவுக்கு மட்டும் வந்தது.

கதிரவேலு குடித்துவிட்டுப் போன பிறகு உறையை ஓரமாக வெட்டினார். முதல் இரண்டு வரியை வாசித்தபோது முகம் மலர்ந்தது. என்ன நடை, என்ன கம்பீரம். இந்தக் காலத்திலும் இப்படி எழுத ஆள் இருக்கிறதே என்று நினைத்தார். மூன்றாம் வரியில் அது தன்னுடைய கையெழுத்து என்று விளங்கியது. நாலாம் வரியில் இடம் விட்ட இடத்தில், பத்மாசினியின் குண்டு குண்டு எழுத்தில், 'திரு. சோமசேகரம்' என்று இருந்தது.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

"பத்மா, இது என்ன?"

பத்மாசினி வேலிப்பக்கம் திரும்பினாள். "பராசக்தி, ஒருக்கால் வந்திட்டுப் போ."

பராசக்தி வந்த வேகத்தைப் பார்த்தால் காலையிலிருந்து வேலியோடுதான் நின்றிருக்கிறாள்.

"எதிராளி என்னவோ கேக்கிறார். நான் அவரோடை கதைக்கேலாது. கடிதத்தை வடிவாய் வாசிக்கச் சொல்லு."

"அண்ணை, வடிவாய் வாசிக்கட்டாம்."

"வாசிச்சனான். நான் இவவின்ரை புருசனெல்லோ?"

"புருசன் எண்டு சொல்லுறார் அக்கா."

"அஞ்சாம் பந்தி."

"அஞ்சாம் பந்தியாம் அண்ணை."

"நான் எங்கை ஏஜென்சி நடத்தினனான்? இருநூறு பேர் எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"காடையைச் சொன்னவ அண்ணை."

"காடையை ஆராவது பேர் எண்டு சொல்லுவினமோ?"

பராசக்தி பத்மாசினியைக் கேட்டுவிட்டு வந்தாள். "முதல் ஏழெட்டுக் காடைக்கு நீங்கள் பேர் வைச்சுக் கூப்பிட்டனீங்களாம்."

அது உண்மை. மிச்சக் கடிதத்தை வாசிக்க மனம் வராமல் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் மூன்று வேளையும் மனிதாபிமானம் நடந்தது. சோறு வந்தது, புட்டு வந்தது, மீன்குழம்பு வந்தது. சமரசம் வரவில்லை. விடிய எழும்பினால் தேத்தண்ணி இல்லை. பின்னேரம் நாலு மணிக்கும் இல்லை. தானே போட்டுக் குடிக்கலாம் என்று குசினிக்குள் போனார். தேயிலைப் பேணியும் சீனிப் போத்தலும் பராசக்தி வீட்டுக்குப் போயிருந்தன. சந்திக் கடையில் குடித்தார். வெந்நீரில் யாரோ தேயிலை என்று எழுதிக் காட்டியது போல இருந்தது.

மூன்றாம் நாள் தாங்க முடியாமல் மல்லாகத்துக்குப் போய், சிவகௌரி என்ற வக்கீலைக் கண்டார். படிக்கிற காலத்தில் அவருடைய கந்தோருக்குப் பைல் பார்க்க வந்துபோன பிள்ளை. இப்போது சொந்தமாக அறை எடுத்துப் பெயர்ப்பலகையும் போட்டிருந்தாள். கடிதத்தை ஒரு தரம் வாசித்தாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தாள்.

"இதை ஆர் அங்கிள் எழுதினது?"

"ஒரு பழைய ஆள்."

"சரியான ஆள். நான் எழுதியிருந்தால் ரெண்டு ஓட்டையாவது விட்டிருப்பன். இதிலை ஊசி போக வழியில்லை."

தன்னை அறியாமல் சோமசேகரத்தார் நிமிர்ந்து இருந்தார். பிறகு தான் யார் பக்கம் என்று நினைவு வந்து குனிந்தார்.

"எனக்குச் சுகமில்லை எண்டு எழுதினால் பிள்ளை?"

"மூண்டாம் பந்தி."

"குடும்ப விசயம் எண்டு சொன்னால்?"

"அஞ்சாம் பந்தி. செக் திரும்பினதை மறுக்கிறீங்களோ?"

"எப்பிடி மறுக்கிறது? அந்தக் கணக்கிலை நானூற்றுச் சொச்சம்தான் கிடக்கு." குரலைத் தாழ்த்தினார். "என்னட்டை வேறை ஒரு சதமும் இல்லை எண்டு சொன்னால் விடமாட்டினமோ?"

சிவகௌரி அவரைப் பாவமாகப் பார்த்தாள். "ஏழாம் பந்தியை வாசிக்கேல்லையோ அங்கிள்? வங்கியின்ரை பேரும் வைப்பு இலக்கமும் கிடக்கு. எந்தக் கிளை எண்டும் எழுதியிருக்கு. வைப்பிலை நாலு லட்சம் எண்டும் கிடக்கே?"

சோமசேகரத்தார் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். இடம் விட்ட இடமெல்லாம் நிரம்பியிருந்தது. இலக்கத்தில் ஒரு பூச்சியம்கூடப் பிழையில்லை.

"கட்டிவிடுங்கோ" என்றாள் சிவகௌரி. "அந்த எழுதினவரைத் தெரிஞ்சால் என்னட்டை ஒருக்கால் வரச்சொல்லுங்கோ. கந்தோரிலை அப்பிடி ஒராள் தேவைப்படுது."

"அவருக்கு இப்ப கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்றார் சோமசேகரத்தார்.

வீட்டுக்கு வந்து நேரே கந்தோர்க் கடதாசிப் பெட்டியைத் திறந்தார். வங்கிப் புத்தகம் வைத்த பைலில் வைத்தபடியே இருந்தது. ஆனால் பெட்டி முழுவதும் தூசு தட்டி, பைல்களை ஆண்டு வாரியாக அடுக்கி, மூலைக்கு மூலை பூச்சி உருண்டையும் போட்டிருந்தது.

திங்கட்கிழமை வங்கிக்குப் போய் வைப்பை உடைத்தார். தவணைக்கு முதல் எடுத்தால் வட்டி குறையுமே, என்ன அவசரம் என்று வங்கிப் பிள்ளை கேட்டது.

"தேத்தண்ணிக்கு" என்றார்.

பின்னேரம் விறாந்தையில் மேசை போட்டார்கள். பராசக்தி சாட்சி. இரண்டு லட்சத்து நாற்பதினாயிரத்தையும் பத்மாசினி ஒரு தரம் எண்ணினாள், பராசக்தி ஒரு தரம் எண்ணினாள். காசு கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டு எழுத அங்கே வேறு ஒருவருக்கும் தெரியாதபடியால் அதையும் சோமசேகரத்தாரே எழுதினார். பத்மாசினி வாசித்துப் பார்த்து ஒப்பம் வைத்தாள். பிறகு எழும்பி உள்ளே போனாள்.

சிறிது நேரத்தில் தேத்தண்ணி வந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, ஆவி பறக்க. ஐந்து நாளைக்குப் பிறகு அந்த மணம் மூக்கில் ஏறியபோது சோமசேகரத்தாருக்குக் கொஞ்சம் துணிவும் வந்தது. முப்பத்துநாலு வருடச் சேவைக்கு ஒரு மரியாதையாவது மிஞ்சவேண்டும்.

"காசு கட்டினால் செக்கை மூலப்பிரதியாய்த் திருப்பித் தரவேணும்" என்றார். "அதுதான் ஒழுங்கு."

"தாறன்" என்று பத்மாசினி அலுமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள்.

சோமசேகரத்தார் கண்ணாடியைப் போட்டார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வங்கிக்குப் போன செக்கில் வங்கியின் முத்திரை விழும். திரும்பின செக் என்றால் இரண்டு மூன்று கூட விழும். இதில் ஒரு ஊசித் துவாரம்கூட இல்லை. அவர் எழுதிக் கொடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே மொடமொடவென்று இருந்தது.

"பத்மா, இது வங்கிக்குப் போகேல்லையே?"

"இல்லை."

"அப்ப எப்பிடித் திரும்பினது?"

"திரும்பேல்லை. அந்தக் கணக்கிலை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியாதோ? அந்த வங்கிப் புத்தகம் மேசை லாச்சிக்குள்ளைதானே கிடக்கு. பிறகேன் செக்கைக் கொண்டுபோய் மனேச்சருக்கு முன்னாலை உங்கடை மானத்தைக் கெடுக்கவேணும்?"

சோமசேகரத்தார் கதிரையை முன்னுக்கு இழுத்தார். அத்தனை நாளைக்குப் பிறகு அவருடைய குரலில் கந்தோர்க் கம்பீரம் வந்தது.

"ஆனால் செக் திரும்பினதெண்டு கடிதத்திலை கிடக்கு. அப்பிடிப் பொய் எழுதிக் காசு வாங்குறது பெரிய குற்றம், தெரியுமோ?"

"தெரியும்" என்றாள் பத்மாசினி, காசை மடியில் சொருகிக்கொண்டு. "ஆனால் கையெழுத்து உங்கடையெல்லோ. குடியுங்கோ, ஆறப்போகுது."